பீன்யாவுல ஷிப்ட் பார்த்துக்கிட்டே பி.இ. படிக்க முடியுமா?

தம்பி, மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சுட்டு தர்மபுரியிலேருந்து வந்து எட்டு மாசமா பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற மெஷின்) ஆபரேட்டரா இருக்கேன், வேலையை விடாம பி.இ. முடிக்கணும், தபால்ல சேரலாமா இல்ல ஏ.எம்.ஐ.இ. (இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் நடத்தற பரீட்சை) எழுதலாமான்னு கேட்டிருக்கீங்க. நானும் ஆம்பூர்லேருந்து இதே பீன்யாவுக்கு வந்து, இங்கேயே குடும்பமாகிப் போனவன்தான்.

தபால்ல பி.இ. வேண்டவே வேண்டாம். அது செல்லாதுன்னு 2017-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பொறியியலைத் தொலைதூரக் கல்வியில நடத்த யு.ஜி.சி.யும் விடறதில்லை. அப்படியும் பஸ் ஸ்டாண்டுக் கம்பத்துல நோட்டீஸ் ஒட்டறவன் ஒட்டிக்கிட்டேதான் இருக்கான். ஏ.எம்.ஐ.இ. ஒரு காலத்துல ஷாப் ஃப்ளோர் ஆளுங்களுக்குக் கைகொடுத்த பரீட்சை. ஆனா 2013 மே மாசத்துக்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு அதை பி.இ.க்குச் சமமா மத்திய அரசு ஏத்துக்கறதில்லை. பழைய சூப்பர்வைசர்ங்க இன்னும் அதைத்தான் சொல்வாங்க, அவங்க எழுதின காலம் அப்படி.

இப்போ இருக்கிற நேர்வழி, வேலை பார்க்கிறவங்களுக்குன்னு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) அனுமதிச்சிருக்கிற பி.இ. படிப்புதான். டிப்ளமோக்காரங்க நேரா இரண்டாம் வருஷத்துல சேரலாம், வகுப்பு நேரத்தையும் வேலைக்குத் தோதா வைப்பாங்க. எல்லாக் காலேஜ்லயும் கிடையாது, விசாரிச்சுத்தான் சேரணும். ஆனா ஒரு வருஷ அனுபவம் வேணும், ‘படிக்கிறதுல ஆட்சேபணை இல்லை’ன்னு கம்பெனி தர்ற என்.ஓ.சி. கடிதமும் வேணும். நம்ம பசங்க மாட்டிக்கிறது இங்கதான். பீன்யாவுல பாதிப் பேர் கான்ட்ராக்டர் கீழ இருக்காங்க, கையில அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது, சம்பளச் சீட்டும் இருக்காது. உங்க பேர்ல பி.எஃப். கட்டறாங்களான்னு முதல்ல பாருங்க. காகிதம் இல்லாத அனுபவம் எந்தக் காலேஜ்லயும் செல்லாது.

ஒரு வருஷம் ஆக மீதி இருக்கிற நாலு மாசத்தைச் சும்மா விடாதீங்க. ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஜி.டி.டி.சி. இருக்கு, டூல், டை செய்யக் கத்துக்கொடுக்கிற கர்நாடக அரசோட டூல் ரூம் பயிற்சி மையம், 1972-லேருந்து நடக்குது. கேட்/கேம் (கம்ப்யூட்டர்ல டிசைன், உற்பத்தி), சி.என்.சி. புரோகிராமிங்னு குறுகிய காலப் படிப்பு உண்டு. பீன்யாவுலேருந்து பச்சை லைன் மெட்ரோ ஒண்ணே போதும், மாறி ஏற வேண்டாம். ஆபரேட்டரா பட்டன் அமுக்கறவனுக்கும் புரோகிராம் எழுதறவனுக்கும் சம்பளத்துல இருக்கிற வித்தியாசம் உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டா பி.இ.யைவிட இதுதான் முதல்ல. தும்கூர் ரோட்டுல இருக்கிற, மத்திய அரசோட உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமான சி.எம்.டி.ஐ.யும் நல்ல இடம்தான், ஆனா கம்பெனி செலவுல அனுப்பினாத்தான் கட்டுப்படியாகும்.

ரூம்ல இருந்தே படிக்க என்.பி.டி.இ.எல். இருக்கு. ஐ.ஐ.டி. வாத்தியார்ங்க நடத்தற பாடம், கேட்கக் காசில்லை, சர்ட்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்கு 1,000 ரூபாய். அதுக்காக மெஷின் ஓடும்போது காதுல ஹெட்போன் மாட்டிக்காதீங்க. டூல் உடையற சத்தம் காதுல விழணும்.

ஷிப்ட் விஷயத்துல, எப்பவும் ஃபர்ஸ்ட் ஷிப்டே வேணும்னு கேட்டா யாரும் தரமாட்டாங்க. நைட் அலவன்ஸுக்காக நைட்டையே விரும்பற ஆள் உங்க லைன்லயே ஒருத்தர் இருப்பார். முதல்ல அவர்கிட்ட பேசி மாத்திக்க ஒத்துக்க வையுங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போய் சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க. கன்னடத்துலயே கேளுங்க.

அடுத்த செகண்ட் ஷிப்ட் வாரத்துல காலையில ராஜாஜிநகர் போய் நேர்லயே விசாரிச்சுடுங்க. டிப்ளமோ மார்க் ஷீட், ஆதார், ரெண்டு போட்டோ கையில இருக்கட்டும்.