கோலாலம்பூரில் ரக்பி லீக்: ஆள் சேர்ப்பது எங்கிருந்து தொடங்குகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வரும் அக்டோபரில் பிஜி, பப்புவா நியூ கினி உட்பட நான்கு நாட்டு அணிகள் கோலாலம்பூருக்கு வந்து ரக்பி லீக் விளையாடப் போகின்றன. மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, அன்றைக்கு இரண்டு ஆட்டம். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தை எடுத்து, டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்து நிரப்பிவிடலாம் என்கிறார் முதலாளி. நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இந்த ஆட்டம் அவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. எட்டு மாதம் கையில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, எட்டு மாதம் போதும். ஆனால் அரங்கம் எது என்பதை இந்த மாதமே முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

புக்கிட் ஜாலிலில் எண்பதாயிரத்துக்கு மேல் இருக்கைகள். உங்கள் போட்டிக்கு ஐயாயிரம் பேர் வந்தால் அது நல்ல கூட்டம், நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அதே ஐயாயிரம் பேர் அங்கே உட்கார்ந்தால், வந்தவர்களுக்கே தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். சத்தம் எழும்பாது, பக்கத்தில் ஆள் இருக்காது, அடுத்த வாரம் வர மாட்டார்கள். 2000ஆம் ஆண்டு ரக்பி லீக் உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய தொடக்க ஆட்டத்தை லண்டனில் பிரம்மாண்டமான டுவிக்கன்ஹாம் அரங்கில் வைத்தார்கள். அன்று மழை. வந்தவர்கள் 33,758 பேர். அரங்கில் பாதிகூட நிறையவில்லை. 2013இல் உலகக் கோப்பை மறுபடியும் இங்கிலாந்துக்குப் போனபோது, பல ஆட்டங்களை ரோச்டேல், வொர்க்கிங்டன், ஹாலிஃபாக்ஸ் போன்ற சிறிய ஊர்த் திடல்களுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய அரங்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்கள். ஓல்டு டிராஃபோர்டில் நடந்த அந்த இறுதி ஆட்டத்துக்கு 74,468 பேர் வந்தார்கள்.

ஆகவே செராஸில் இருக்கும் கோலாலம்பூர் காற்பந்து அரங்கத்தையோ, அதைவிடச் சிறியதையோ பாருங்கள். அதிலும் எல்லாப் பக்கத்தையும் திறக்காதீர்கள். இன்னொன்று, ஒளிபரப்பு நிறுவனத்திடம் இப்போதே பேச வேண்டியது. வழக்கமாகப் பிரதான கேமராவைக் கூரை உள்ள பக்கத்தில் வைப்பார்கள். மழை வந்தால் சனம் எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே ஒதுங்கும். தொலைக்காட்சியில் தெரிவதோ எதிரே காலியாகக் கிடக்கும் திறந்த பக்கம். கேமராவை எதிர்ப்பக்கம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனாலும் கேளுங்கள்.

இலவச டிக்கெட் யோசனையை முதலாளியிடம் பக்குவமாகச் சொல்லிக் கைவிட வையுங்கள். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு போட்டியில், அலுவலகங்களுக்கும் சங்கங்களுக்கும் கட்டுக் கட்டாக இலவச டிக்கெட் கொடுத்தோம். கணக்குப்படி அரங்கம் நிறைந்துவிட்டது. அன்று சாயங்காலம் இடி இடித்தது. இலவசமாக வாங்கியவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய சில நூறு பேர் குடையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்து வெள்ளி கொடுத்தவருக்கு அது வீணாகக் கூடாது என்ற எண்ணம் இருக்கும். பெரியவர்களுக்கு இருபது வெள்ளி, குடும்பத்தோடு வரும் பிள்ளைகளுக்கு இலவசம், பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் நூறு வெள்ளி என்று வையுங்கள். அந்தப் பத்துப் பேர் டிக்கெட்தான் உங்களுக்குச் சோறு போடப் போகிறது.

ஏன் என்று சொல்கிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குத் தனியாகப் போகிறவர் எத்தனை பேர்? வேனில், பேருந்தில், குடும்பமாக, கோயில் குழுவாகத்தான் போகிறோம். திடலுக்கும் நம் ஆட்கள் அப்படித்தான் வருவார்கள். விளம்பரப் பலகையைப் பார்த்து ஒருவர் வருவார். தங்கள் பிள்ளை திடலில் இறங்கினால் பாட்டி வரை வருவார்கள். நீங்கள் பணத்தையும் நேரத்தையும் கொட்ட வேண்டியது இங்கேதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு தமிழ்ப்பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக. அவர்களுக்கு டேக் ரக்பி சொல்லிக்கொடுங்கள்; இடுப்பில் ஒட்டியிருக்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும், ஆளைத் தள்ளுவதே கிடையாது, ஆகவே பெற்றோர் பயப்பட மாட்டார்கள். போட்டி நாட்களில் இடைவேளையின்போது பெரிய திடலில் அந்தப் பிள்ளைகள் விளையாடட்டும். மொத்தம் 144 பிள்ளைகள். ஒருவருக்கு வீட்டிலிருந்து நான்கு பேர் வந்தாலும் ஐந்நூற்றைத் தாண்டிவிடும். ஆசிரியர்கள், நண்பர்கள் தனி. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்துக்கு நாளாகும் என்பதால் அதை முதலில் எழுதுங்கள். தலைமையாசிரியரைப் பார்த்த கையோடு பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரையும் பாருங்கள். பேருந்து பிடிக்கிறவர், பணம் வசூலிக்கிறவர், வாட்ஸ்அப்பில் எல்லோரையும் விரட்டுகிறவர் அவர்தான். அந்தப் பேருந்துச் செலவை ஆதரவாளர் யாராவது ஏற்றுக்கொண்டால், அதுவே நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த விளம்பரம்.

சரி, ஆட்டம் தெரியாதே என்கிறீர்கள். ரக்பியே இந்த ஊருக்குப் புதிதில்லை. பத்துப் பேர் ஆடும் ரக்பி பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா கிளப்பில் 1967இல் பிறந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டு இங்கே நடந்தபோது எழுவர் ரக்பி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டு, ஜோனா லோமு ஆடிய நியூசிலாந்து தங்கம் வென்றது. ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு வகை. இவை எல்லாம் யூனியன் வகை. லீக் வகை 1895இல் வட இங்கிலாந்தில் பிரிந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த ஆட்டக்காரர்கள், ஆட்டத்துக்காக விட்ட கூலியை ஈடுகட்டக் கேட்டார்கள். அதில் வந்த பிரிவு. தோட்டத்தில் நாள் கூலிக்கு உழைத்த பரம்பரை நம்முடையது. இந்தக் கதையை வானொலியில் ஐந்து நிமிடம் சொன்னால் நம் ஆட்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

விதியை விளக்கக் கபடியே போதும். அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். பிடிபட்டவர் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டுகிறார், ஆட்டம் தொடர்கிறது. ஓர் ஓவருக்கு ஆறு பந்து மாதிரி, ஓர் அணிக்கு ஆறு பிடி. ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்து பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் நான்கு புள்ளி, அதன்பின் கம்பத்துக்கு மேலே உதைத்தால் இன்னும் இரண்டு. இவ்வளவு தெரிந்தால் ஒரு பாட்டியும் ஆட்டத்தை ரசிக்கலாம். அரங்கில் ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொரு பிடிக்கும் மலாயில் எண்ணட்டும்: சத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா. கூட்டமும் சேர்ந்து எண்ணும். லீமா என்றதும் பந்து வானத்துக்குப் போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். புதிதாக வந்தவரை அரை மணி நேரத்தில் ரசிகராக்க இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

அடுத்து அணிகள். யாரோ நாலு நாடு என்றால் யாருக்காகக் கைதட்டுவது? ஒவ்வொரு அணிக்கும் இங்கே ஒரு சொந்தக் கூட்டத்தை ஏற்படுத்துங்கள். 2017 உலகக் கோப்பையில் டோங்கா நியூசிலாந்தை 28க்கு 22 என்று வென்றபோது, ஆக்லாந்தில் வாழும் டோங்கா மக்கள் சிவப்புக் கொடியோடு தெருவை நிறைத்தார்கள். அரை இறுதிக்கு மவுண்ட் ஸ்மார்ட் அரங்கில் முப்பதாயிரம் பேர். பெரிய நாட்டுக்கு ஆடியிருக்கக்கூடிய ஜேசன் தாவ்மலோலோ போன்றவர்கள் தங்கள் மக்களுக்காக ஆட வந்ததுதான் அதற்குக் காரணம்.

உங்களிடம் பிஜி அணி இருக்கிறது, தம்பி. அது நமக்கு ஓர் வரம். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் மக்களின் வாரிசுகள் இன்றும் பிஜியில் வாழ்கிறார்கள். நாடி ஊரில் பெரிய முருகன் கோயில் இருக்கிறது. 1926இல் தொடங்கிய தென்னிந்தியச் சங்கம் அங்கே பள்ளிகள் நடத்துகிறது. திடலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் பழங்குடி பிஜியர்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்த நாட்டோடு நமக்கு ஓர் உறவு உண்டு. பிஜித் தூதரகத்திடம் பேசி, அணி வந்த இரண்டாம் நாளே ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப் போங்கள். ஆட்டத்துக்கு முன் அவர்கள் சேர்ந்து நின்று பிரார்த்தனைப் பாட்டுப் பாடுவார்கள். அதைப் பிள்ளைகள் முன்னால் பாடச் சொல்லுங்கள். மறக்கவே மாட்டார்கள். மூன்று உலகக் கோப்பைகளில், 2008, 2013, 2017, தொடர்ந்து அரை இறுதி வரை போன அணி அது. பப்புவா நியூ கினியை இன்னொரு வட்டாரத்துக்குக் கொடுங்கள், செந்தூல் என்று வைத்துக்கொள்வோம். ரக்பி லீக்கையே தேசிய விளையாட்டாகக் கொண்ட நாடு அது.

நாளும் நேரமும் பெரிய சிக்கல். அக்டோபர் நடுவரை புரட்டாசி; சனிக்கிழமை மாலை நம் குடும்பங்கள் பெருமாள் கோயிலில் இருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வார இறுதிகளில் சாமான் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் இருப்பார்கள். அந்த வருடப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். அக்டோபரில் சிட்னி நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால். நமக்கு மாலை ஐந்து என்றால் அங்கே இரவு எட்டு, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்குப் பிடித்த நேரம். முதல் ஆட்டத்தை ஐந்துக்குத் தொடங்கினால் ஏழுக்கு முன் முடியும். மஃரிப் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி விட்டு இரண்டாவதை எட்டுக்கு வையுங்கள். சைவச் சாப்பாட்டுக் கடை ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். ஐந்து மணி என்பது இடிமழை நேரமும்கூட. மின்னல் அடித்தால் எத்தனை நிமிடம் நிறுத்துவீர்கள், டிக்கெட் அடுத்த வாரம் செல்லுமா என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

மழைக்குப் பயப்படாத ஒரு யோசனையும் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. சக்கர நாற்காலி ரக்பி லீக். அணிக்கு ஐந்து பேர், ஆணும் பெண்ணும், உடல் ஊனம் உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்தே ஆடலாம். தோளில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பிடுங்கினால் அது ஒரு பிடி. 2022இல் மான்செஸ்டரில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய இறுதியை உள்ளரங்கில் 4,526 பேர் பார்த்தார்கள். ஆகஸ்டு மாதம் ஒரு பேரங்காடியின் நடுக்கூடத்தில் இதன் காட்சி ஆட்டம் நடத்துங்கள். கடைக்கு வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். மின்னல் எஃப்எம், ராகா வானொலிகள் இரண்டையும் அன்றைக்கே அழையுங்கள். கண்ணால் பார்த்த அறிவிப்பாளர் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், முதல் வாரம் வந்தவர்கள்தான் இரண்டாம் வாரத்தின் கூட்டம். பத்துப் பேர் டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இருக்கும். பெற்றோரின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, திடலில் விளையாடிய பிள்ளைகளை நல்ல புகைப்படக்காரரை வைத்து எடுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் அந்தந்த வீட்டுக்கு அந்தந்தப் பிள்ளையின் படம் போய்ச் சேரட்டும், கீழே அடுத்த வார டிக்கெட் வாங்கும் இணைப்போடு.