64 கட்டமும் ஒரு 20 இலக்க எண்ணும்

கேள்வி: சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று வைத்துப்போனால் மொத்தம் எவ்வளவு? வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

பதில்: 1,84,46,74,40,73,70,95,51,615. ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதே இல்லை. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அதுவரை வைத்தது அடுத்த கட்டத்துக்கு உரியதைவிட ஒன்று குறைவு (1+2+4=7, அடுத்தது 8), அதனால் 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் முடிந்தது. கிராமுக்கு 50 அரிசி என்று வைத்தாலும் சுமார் 36,900 கோடி டன், அதாவது உலகமே இன்றைய அளவில் விளைவித்தால் ஏறக்குறைய 700 வருட அரிசி. கேரளத்து அம்பலப்புழா அரசர், தோற்றால் இந்தக் கணக்கில் அரிசி தருவதாகப் பந்தயம் கட்டி கிருஷ்ணரிடம் சதுரங்கத்தில் தோற்றுத்தான் அங்குள்ள கோயிலில் பால்பாயசமாகக் கடனை அடைக்கிறார்கள் என்பது கதை. அடைந்த மாதிரிதான்!

கேள்வி: எக்செல்லில் போட்டால் கடைசியில் 615 வராமல் சுழியங்களாக வருகிறதே?

பதில்: எக்செல் 15 இலக்கம்தான் காட்டும், இது 20. பைத்தான் என்ற நிரல்மொழியில் போடுங்கள், முழுசாக வரும். சரியாக எழுதினோமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுங்கள், 87 வர வேண்டும். ஆக, 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

கேள்வி: மற்ற காரணிகளைக் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், பள்ளிக்கூடக் கணக்குதான். இந்த எண் 4,29,49,67,296-இன் வர்க்கத்தைவிட ஒன்று குறைவு, ஆகவே 4,29,49,67,297-ஐ 4,29,49,67,295-ஆல் பெருக்கியது. பின்னதும் 65,536-இன் வர்க்கத்தைவிட ஒன்று குறைவு, அதையும் இதேபோல் பிரிக்கலாம், வெங்காயம் உரிப்பது மாதிரி உரித்துக்கொண்டே போனால் 65,537, 257, 17, 5, 3 என்று பகா எண்களாக உதிரும். மிச்சம் இருப்பது அந்த முதல் துண்டு, 4,29,49,67,297. இதுவும் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார், 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை 641 × 67,00,417 என்று உடைத்துவிட்டார். ஆக ஏழு பகாக்காரணிகள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்று இரண்டு வழி, அதனால் மொத்தக் காரணிகள் ஏழு இரண்டுகளின் பெருக்கல், 128.

கேள்வி: 641 எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாரா?

பதில்: அவ்வளவு தேவையில்லை. அந்தத் துண்டுக்குக் காரணி இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும், இதையும் ஆய்லரே பின்னால் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் இந்த வழிக்கு அடிப்படை, பகா எண்ணால் வகுக்கும்போது வரும் மீதியைப் பற்றிய ஃபெர்மாவின் சிறிய தேற்றமேதான், அவர் ஐந்து வகுத்தல் போட்டுப் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

கேள்வி: ஹனாய் கோபுர விளையாட்டிலும் இதே எண் வருமாமே? மகனுக்கு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: மூன்று கம்பங்களில் ஒன்றில் அடுக்கிய தட்டுகளை, பெரியது சிறியதன் மேல் வராமல், ஒவ்வொன்றாக வேறு கம்பத்துக்கு மாற்றும் விளையாட்டு அது; 64 தட்டு இருந்தால் நகர்த்தல்களின் எண்ணிக்கையாக இதே எண் வரும். நொடிக்கு ஒரு தட்டு நகர்த்தினாலும் 58,000 கோடி வருடத்துக்கு மேல் ஆகும். ஐந்து தட்டு உள்ளதை வாங்குங்கள், 31 நகர்த்தலில் முடிந்துவிடும்.