சி.எஸ். படிக்கிற பிள்ளைங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜ்ல 14 வருஷமா சி.எஸ். நடத்துறேன். ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வாங்கலாமான்னு மட்டும் கேக்காதீங்க.

கும்பகோணம், தேர்ட் இயர்: சார், ப்ரோக்ராமர்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு. அந்த நெனப்பு எப்ப வரும்?

கிளாஸ்ல வராதும்மா. அப்சர்வேஷன் எழுது, ரெக்கார்ட காப்பியடி, அவுட்புட் காட்டு, கையெழுத்து வாங்கு, இதான நாங்க பழக்குறது. தெராக்-25ங்கிற கேன்சர் கதிர்வீச்சு மிஷின் கதைய வருஷா வருஷம் நடத்துறேன், 1985-லேர்ந்து 87-க்குள்ள அந்த மிஷின் 6 பேருக்கு கண்டபடி கதிர்வீச்சு குடுத்ததுல சாஃப்ட்வேர் தப்பும் இருந்துச்சுன்னு, அதையும் ரெண்டு மார்க் கேள்வியா எழுதிட்டு போயிடுறாங்க. ஆனா எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, அப்பா கதிர் அறுக்குற மிஷின் வாடகைக்கு விடுறவரு, அவருக்கு மணிக்கணக்கு போட சின்னதா ஒரு ஆப் எழுதுனா. 2 மணி 10 நிமிஷம் ஓடுனதுக்கு 3 மணி வாடகை போட்டுருச்சு. சம்பா அறுப்பு நேரம், ஒரு பெரியவர் வாசல்ல வந்து சத்தம் போட்டுட்டாரு. ராத்திரியே சரி பண்ணி, காலையில அவர் வீட்டுக்கே போயி மிச்ச காச குடுத்துட்டு வந்துருக்கா. அடுத்த லேப்ல மார்க்க பத்தி பேச்சே இல்ல, ரவுண்டிங், அதாவது கணக்க முழு எண்ணாக்குறது, எங்க சார் பண்ணணும்னு கேட்டா. அன்னைக்கு வந்துச்சு அவளுக்கு.

நாகப்பட்டினம்: பைத்தானா ஜாவாவா?

ஏதாச்சும் ஒண்ணு.

மன்னார்குடி, பி.இ.: பி.சி.ஏ. படிச்சவன்லாம் இஞ்சினியர்னு போட்டுக்கிறான், நியாயமா சார்?

கனடாவுல பல மாகாணத்துல லைசென்ஸ் இல்லாம அந்த பேர போட்டா கேள்வி வரும். நம்ம நாட்டுல சாஃப்ட்வேர் எழுத லைசென்ஸே கிடையாதேப்பா.

மன்னார்குடி: அப்ப நாலு வருஷம் ஃபீஸ் கட்டுனது?

ரசீத காட்டுனா ப்ரோக்ராம்ல இருக்குற பக், அதான் தப்பு, ஓடிருமா?

திருவாரூர், பி.சி.ஏ.: 8 வருஷமா வேலை பாக்குறேன் சார், டீம்ல இன்னும் "அவரு பி.சி.ஏ."தான்.

அது எங்க தப்பு தம்பி. முதல் வாரமே "நீங்கள்லாம் இஞ்சினியர்ஸ்"னு மேடை போட்டு சொல்றோம், அப்பறம் தேர்ட் இயர் முழுக்க ஆப்டிட்யூட் கிளாஸ், கடைசியில ப்ளேஸ்டு, அன்ப்ளேஸ்டுன்னு ரெண்டே ஜாதி. மேல கேட்ட மன்னார்குடிக்காரர் மாதிரி ஆளுங்க அத அப்படியே ஆபீசுக்கு தூக்கிட்டு போறாங்க.

மயிலாடுதுறை: சார், ப்ராஜெக்ட் சென்டர் ஒண்ணு நல்லா பண்ணி தர்றாங்களாம்...

மேல முதல் பத்திய படிங்க.

கும்பகோணம்: சரி சார், அந்த ரவுண்டிங் எங்க பண்ணணும்?

ஓடுன நேரத்த நிமிஷமாவே வச்சுக்கம்மா, கடைசியா ரூபாயில வரும்போது மட்டும் பண்ணு.