பஃபலோ கோர்டு என்ற காட்டுப் பூசணி: கேள்வி பதில்

அமெரிக்கத் தென்மேற்கிலும் வட மெக்சிகோவிலும் சாலையோரம் படர்ந்து கிடக்கும் கொடி இது. குக்குர்பிட்டா ஃபோட்டிடிசிமா என்று பெயர். அதாவது மகா நாற்றம் பிடித்தது. இலையைக் கசக்கி முகர்ந்தவர்கள் யாரும் பெயர் வைத்தவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: அக்கா, நியூ மெக்சிகோவில் இருக்கிறோம். மாதக்கணக்கில் மழை இல்லை. வேலிக்கு வெளியே இந்தக் கொடி மட்டும் பச்சையாக நிற்கிறது. எப்படி?

பதில்: எல்லாம் கிழங்கு செய்யும் வேலை. ஒரு கடப்பாரையோடு போய்த் தோண்டிப் பாருங்கள், மதியத்துக்குள் விட்டுவிடுவீர்கள். நாலைந்து வருஷக் கொடியில் கிழங்கு நாற்பது கிலோகூட இருக்கும். மாவுச்சத்தும் தண்ணீரும் அதற்குள்தான். பனிக்காலத்தில் மேல்கொடி கருகிவிடும். வசந்தத்தில் அதே கிழங்கிலிருந்து மறுபடி துளிர்த்து ஆறு மீட்டருக்கு ஓடும். ஓடும்போது கணு மண்ணைத் தொட்டால் அங்கேயும் வேர் விட்டு, நாளடைவில் அது தனிச் செடியாகிவிடும். உங்கள் வேலியோரம் முழுக்க ஒரே செடியின் வாரிசுகளாக இருக்கலாம்.

கேள்வி: காயைச் சாப்பிடலாமா?

பதில்: சதையைத் தொடாதீர்கள். குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் நிறைந்தது. ஒருமுறை நுனி நாக்கில் மட்டும் வைத்துப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாடு வரை கசந்தது. விதையைச் சதை ஒட்டாமல் அலசி வறுத்துத் தின்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குப் பழைய வழக்கம். எந்தப் பூசணியானாலும், சுரையானாலும், கசந்தால் துப்பிவிடுங்கள். 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்து சுக்கினி (பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் ஒரு பூசணி வகை) கசந்தும் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார்.

கேள்வி: வேகவைத்தால் சரியாகிவிடுமா மேடம்?

பதில்: ஆகாது.

கேள்வி: இதில் எண்ணெய் எடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: எடுக்கலாம். விதையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய், ஏறக்குறைய அதே அளவு புரதம். வறண்ட நிலப் பயிராக்கலாம் என்ற யோசனை 1940களிலேயே வந்தது. 1970களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பெரிய முயற்சியே நடந்தது. ஆனாலும் பெரிய பயிராக நிலைக்கவில்லை.

கேள்வி: மன்னிக்கணும், இது எங்கள் ஊர் பேய்க்கும்மட்டிதான். மணல் மேட்டில் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அதே உருண்டைக் காய், அதே கசப்பு. அமெரிக்காக்காரன் பேரை மாற்றி வைத்திருக்கிறான்.

பதில்: இல்லை தம்பி. பேய்க்கும்மட்டி தர்ப்பூசணியின் இனம், சிட்ருல்லஸ். இது பரங்கிக்காயின் இனம். குடும்பம் ஒன்று, வீடு வேறு.

கேள்வி: காய் ஒரே மாதிரிதானே இருக்கிறது?

பதில்: காயை விடுங்கள், இலையைப் பாருங்கள். கும்மட்டி இலை தர்ப்பூசணி இலைபோல ஆழமாகக் கிழிந்திருக்கும், பூ சின்னது. இதன் இலை சாம்பல் பூத்த பெரிய முக்கோணம். பூ நம் பரங்கிப் பூவேதான், மஞ்சள் மணி. சொல்லப்போனால் கும்மட்டியும் லேசுப்பட்டதல்ல. சஹாரா வெயிலில் தண்ணீரை ஆவியாக்கியே தன் இலையைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும். இரண்டும் வறட்சிக்குப் பழகியவை. ஆனால் ஒன்று ஆப்பிரிக்க, ஆசியப் பாலையில் பழகியது. இன்னொன்று அமெரிக்கப் பாலையில்.

கேள்வி: அப்படியானால் பரங்கியும் அமெரிக்காதானா? நம் பாட்டன் காலத்துக் காய் என்றல்லவா நினைத்தேன்!

பதில்: பேரிலேயே 'பரங்கி' இருக்கிறதே, யோசித்ததில்லையா? வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது. மெக்சிகோவின் வாஹாகாவில் ஒரு குகையில் கிடைத்த பூசணி விதைகளுக்கு வயது சுமார் பத்தாயிரம் வருஷம். அதற்கும் முன்னால் காட்டுப் பூசணியை யார் தின்றார்கள் தெரியுமா? யானையின் தூரத்துச் சொந்தமான மாஸ்டோடான். அதன் பழஞ்சாணத்தில் விதைகள் கிடைத்திருக்கின்றன. எலி, அணில் மாதிரிச் சிறுபிராணிகளுக்குக் கசப்பை உணரும் திறன் அதிகம். பெரிய மிருகங்களுக்கு அவ்வளவு இல்லை. அந்த மிருகங்கள் அழிந்தபின் விதையைச் சுமந்து போக ஆளில்லாமல் பல காட்டுப் பூசணிகள் அருகிவிட்டன என்பது ஒரு கருத்து. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

கேள்வி: இருந்தாலும் எங்கள் ஊரில் இதைக் கும்மட்டி என்றுதான் சொல்வோம்.

பதில்: சொல்லிக்கொள்ளுங்கள். பேதிக்குச் சாப்பிட மட்டும் கிளம்பாதீர்கள், இரண்டில் எதையும்.

கேள்வி: சர்க்கரைக்குச் சாறு குடிக்கலாமா?

பதில்: மேலே மூன்று முறை சொல்லியாயிற்று. கூடாது.

கேள்வி: பக்கத்தில் நட்டால் எங்கள் வீட்டுப் பரங்கி கசந்துவிடுமா?

பதில்: பரங்கி இதோடு சாதாரணமாகக் கலக்காது. அழகுக்கு வளர்க்கும் குட்டிப் பூசணிகள்தான் சுக்கினியோடு கலந்து அடுத்த தலைமுறையில் கசப்பைக் கொண்டுவரும். அவற்றின் பக்கத்தில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: காய்ந்த காயைப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பையாகக் கொடுக்கலாமா?

பதில்: பூர்வகுடிகள் கிலுகிலுப்பை செய்திருக்கிறார்கள், நன்றாகவே சத்தம் வரும். வாயில் வைக்கிற வயசு தாண்டட்டும், அப்புறம் கொடுங்கள்.