வைரஸ் காய்ச்சலை வீட்டிலேயே கவனித்துக்கொள்வது: கேள்வி பதில்

கேள்விகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சளி, ஃபுளூ, கோவிட், வைரஸால் வரும் வாந்திபேதி ஆகியவற்றைப் பெரும்பாலான சமயங்களில் உடலே எதிர்த்து முடித்துவிடுகிறது. அது தன் வேலையை முடிக்கும் வரை உடலில் நீர் வற்றாமலும் மூச்சு தடுமாறாமலும் பார்த்துக்கொள்வதும், நோய் போக்கு மாறினால் காலத்தே கண்டுகொள்வதும்தான் வீட்டிலிருப்பவர்களின் வேலை. பொது மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில் நான் கண்டது என்னவென்றால், மருந்து கொடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம்மில் பலர் நோயாளியை உற்றுக் கவனிப்பதில் காட்டுவதில்லை.

கேள்வி: டாக்டர், எனக்குக் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. உடனே இறக்கிவிட வேண்டுமா? குளிர்ந்த நீரில் உடம்பைத் துடைக்கலாமா?

பதில்: மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. தொற்று ஏற்பட்டதும் உடலில் சுரக்கும் சில வேதிப்பொருள்கள் அங்கே 37 என்றிருந்த இலக்கை 39 என்று உயர்த்திவிடுகின்றன. உடல் இன்னும் அந்த இலக்கை எட்டாத நிலையில், சூடாக இருந்தும் நமக்குக் குளிர்கிறது, நடுங்குகிறது. அந்த நேரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உடல் இன்னும் கடுமையாக நடுங்கி வெப்பத்தை மேலும் உண்டாக்கப் பார்க்குமே தவிர, இலக்கு இறங்காது. இலக்கை இறக்குவது பாராசிட்டமால் போன்ற மருந்துதான். ஆகவே குளிரும்போது மெல்லிய போர்வை, வியர்க்கத் தொடங்கியதும் போர்வையை விலக்கிக் காற்றோட்டம், அவ்வளவு போதும். உடம்பு வலியும் தலைவலியும் ஓய்வெடுக்க விடாமல் படுத்தினால் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 39 காட்டினாலும் தண்ணீர் குடித்துக்கொண்டு தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கிறவரைவிட, 38 மட்டுமே காட்டி எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே, குழந்தை எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்; அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: பாராசிட்டமால் ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்? சளிக்கென வாங்கிய மாத்திரையையும் கூடவே போட்டுக்கொள்கிறேன்.

பதில்: நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதுதான் எனக்குக் கவலை தருகிறது. உடல்நலமுள்ள, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி. வரை, வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், மது அருந்தும் பழக்கம் உள்ளவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்த அளவு இன்னும் குறைவு என்பதால் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சளிக்கும் தலைவலிக்கும் விற்கப்படும் கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ளதைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர், தம்மை அறியாமலேயே எல்லையைக் கடந்துவிடுவார்.

அளவு மீறினால் அன்றைக்கே எதுவும் தெரியாது என்பதுதான் இந்த மருந்தின் ஆபத்து. முதல் நாள் லேசான குமட்டலோடு போய்விடும்; கல்லீரல் பாதிப்பு வெளிப்பட இரண்டு மூன்று நாள் ஆகலாம். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது முழுப்பலன் தரும். எனவே தவறிப்போய் அதிகம் எடுத்துவிட்டதாகத் தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாத்திரை போட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. காய்ச்சல் மயக்கத்தில் நினைவை நம்ப முடியாது.

குழந்தைகளுக்கு அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு அடர்த்தியில் வருவதால், ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வைரஸ் தொற்றின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஓர் அரிய, கொடிய நோய்க்கு வழிவிடலாம். டெங்கு என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் எந்த வயதினருக்கும் வேண்டாம்; அவை ரத்தக்கசிவை அதிகரிக்கக்கூடியவை.

கேள்வி: சளி பச்சை நிறமாகிவிட்டது. போன முறை மீந்த ஆன்ட்டிபயாடிக் வீட்டில் இருக்கிறது, அதைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பச்சை நிறம், தொற்றை எதிர்க்க வந்த வெள்ளை அணுக்களில் உள்ள இரும்புச் சத்து கொண்ட ஒரு நொதியின் நிறம். வைரஸ் சளியிலும் அது வரும். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தகர்த்துக் கொல்பவை. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது. மீந்த மருந்து வீட்டில் இருக்கிறது என்பதே போன முறையும் முழுமையாக எடுத்து முடிக்கவில்லையோ என்று என்னை ஐயப்பட வைக்கிறது. சற்றுத் தேறி வந்தவருக்கு நான்கைந்து நாள் கழித்து மீண்டும் கடுங்காய்ச்சலும் நெஞ்சு வலியும் வந்தால் மட்டும் பாக்டீரியா நிமோனியா சேர்ந்துகொண்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: "நிறையத் தண்ணீர் குடி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிறைய என்றால் எவ்வளவு? எனக்கு வாந்தியும் இருக்கிறது.

பதில்: அளவைக் குவளையில் பார்க்காதீர்கள், சிறுநீரில் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். அடர் நிறமாகிக் குறைந்துவிட்டால், நாக்கு வறண்டால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் நீர் போதவில்லை. இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாந்திபேதி இருக்கும்போது வெறும் தண்ணீர் போதாது. சிறுகுடலின் சுவரில் சர்க்கரையையும் உப்பையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு வாயில் இருக்கிறது. அவற்றோடு நீரும் உள்ளே போகிறது. பேதி கடுமையாக இருக்கும்போதும் அந்த வாயில் வேலை செய்கிறது என்பதுதான் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் ரகசியம். பாக்கெட்டில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். பாக்கெட் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். குளிர்பானங்கள் உதவாததற்கும் இதுவே காரணம்.

வாந்தி எடுத்தவுடனே ஒரு குவளை குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் பொறுத்து, ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று தொடங்குங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் 300 மி.லி. உள்ளே போய்விடும். பசி இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள் சாப்பாட்டைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

கேள்வி: என் இரண்டு வயது மகளுக்குப் போன காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. இப்போது மறுபடியும் காய்ச்சல். எப்படித் தடுப்பது?

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அம்மா. பார்ப்பவர்களை நிலைகுலையச் செய்யும் காட்சி அது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் சிலருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளையைப் பாதிப்பதில்லை. பாராசிட்டமால் குழந்தைக்கு இதம் தரும், ஆனால் வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி அளவை மீறிக் கொடுத்துவிடாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். சீக்கிரம் நின்றுவிட்டாலும் குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: ஆவி பிடித்தால் வைரஸ் செத்துவிடுமா?

பதில்: சாகாது. மூக்கடைப்புக்குச் சற்று நேரம் இதமாக இருக்கலாம், அவ்வளவே. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்தவன் என்பதால், குழந்தைகளுக்கு ஆவி பிடிப்பதை நான் பரிந்துரைப்பதே இல்லை. உப்புநீர்ச் சொட்டு மருந்து அதைவிடப் பாதுகாப்பானது.

கேள்வி: வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருக்கிறோம். எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: விரலில் மாட்டும் அந்தக் கருவி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டுகிறது. நுரையீரல் நோய் இல்லாதவருக்கு அது 95 அல்லது அதற்கு மேல் இருப்பது இயல்பு. கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அகற்றி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தும் 94க்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 92க்குக் கீழே போனால் அவசர சிகிச்சை. கருவி சரியாக இருக்கிறது என்று காட்டினாலும், ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாதவர், உதடு நீலம் பாய்ந்தவர், குழப்பமாகப் பேசுகிறவர், நெஞ்சில் இறுக்கம் என்கிறவர், கழுத்து விறைத்தவர், அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் உடலில் தோன்றியவர் காத்திருக்கக் கூடாது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்கினாலும் அப்படித்தான்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியடைந்துவிடுகிறோம். அப்போது கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறுகளில் ரத்தம், அமைதியின்மை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே கிளம்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, சர்க்கரை நோயும் உண்டு. காய்ச்சலே இல்லை, ஆனால் இரண்டு நாளாக ஏதேதோ பேசுகிறார், சாப்பிடவும் இல்லை. மருந்தை நிறுத்தலாமா?

பதில்: வீட்டில் வைத்துப் பார்க்காமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். திடீர்க் குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கும். அதற்குள் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். அது குறைந்திருந்தாலும் இதே குழப்பம் வரும். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நீங்களாக முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். நோயின்போது சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். மறுபக்கம், நீர் வற்றிய நிலையில் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், சிறுநீர் பெருக்கும் மாத்திரை, சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். எல்லா மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஃபுளூ என்றால் அதற்கான மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது என்பதால், இனியும் ஒரு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஒருவருக்கு வாந்திபேதி, மற்றவர்கள் சானிட்டைசர் பயன்படுத்துகிறோம். போதுமா?

பதில்: போதாது. ஃபுளூ, கோவிட் வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பு உறை இருப்பதால் ஆல்கஹால் அவற்றைச் சிதைக்கிறது. வாந்திபேதி தரும் நோரோ வைரஸுக்கு அந்த உறை இல்லை. சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவினால்தான் போகும். வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம்.

கேள்வி: காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது, இருமல் மட்டும் நிற்கவில்லை. ஓட்டப்பயிற்சியை மறுபடி தொடங்கலாமா?

பதில்: வைரஸ் போன பின்பும் அது புண்ணாக்கிய மூச்சுக்குழாயின் உட்சுவர் ஆறவில்லை; லேசான தூசியும் குளிர்காற்றும் பட்டால்கூட இருமல் கிளம்பும். இரண்டு மூன்று வாரம் நீடிப்பது வழக்கமே. ஒரு தேக்கரண்டி தேன் இதம் தரும், ஆனால் ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது. காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும் வரை கடும் உடற்பயிற்சி வேண்டாம். வைரஸ் சில சமயம் இதயத் தசையையும் அழற்சிக்குள்ளாக்குவதுண்டு. இப்போது நடையில் தொடங்கி, மறுநாள் அதிக அசதி இல்லை என்றால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலும், சளியில் ரத்தம் தெரிந்தாலும், எடை குறைந்தாலும் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.