ஆட்டுப்பட்டிக் காவலுக்குக் கோம்பை நாய் சரிவருமா?

கேள்வி: வேடசந்தூர் பக்கம் 40 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். போன மாதம் இரவில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து 3 குட்டிகளைக் கொன்றுவிட்டன. காவலுக்குக் கோம்பை வாங்கலாமா? நம் ஆட்டையே கடித்துவிடாதா? துருக்கி நாட்டுக் கங்கல்தான் நல்லது என்கிறார்களே?

பதில்: மூன்று குட்டிகளைப் பறிகொடுத்தது பெரிய இழப்பு. கோம்பை வாங்கலாம், ஆனால் வளர்ந்த நாயை வாங்காதீர்கள்.

தேனி மாவட்டத்துக் கோம்பை, மாட்டுக்கும் தோட்டத்துக்கும் காவல் இருந்த இனம். செம்பழுப்பு உடம்பு, கருத்த முகவாய். வளர்ப்பவரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரை எளிதில் அண்டவிடாது. நம் வெயிலும் பழகியது. ஆனால் காட்டுப்பன்றி வேட்டைக்கும் இதைப் பழக்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஓடுவதைத் துரத்தும் குணம் அதன் ரத்தத்தில் உண்டு. கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் முயல் விரட்டும் ஓட்ட நாய்கள். பட்டிக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன்.

கங்கல் வேறு வகை. சிவாஸ் பகுதியில் ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கவே தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் சீட்டா (சிவிங்கிப்புலி) பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அந்த வகை நாய்களை ஆடு வளர்ப்பவர்களுக்குக் கொடுத்து வருகிறது. நல்ல நாய்தான். ஆனால் 50 கிலோவுக்கு மேல் வளரும் நாய்க்குத் தீனி போடுவது 40 ஆட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

எந்த இனமானாலும் வளர்ப்பில்தான் பாதி இருக்கிறது. எட்டு வாரக் குட்டியாக வாங்குங்கள். பதினாறு வாரம் வரை அது யாரோடு படுத்து எழுகிறதோ, அவர்களையே தன் கூட்டம் என்று நினைக்கும். அதனால் வீட்டுத் திண்ணையில் வளர்க்காமல் பட்டிக்குள்ளேயே கம்பிவலை தடுத்து விடுங்கள். முட்டாத, சாதுவான இரண்டு தாய் ஆடுகள் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாடும் அங்கேயே.

ஆறு மாதத்துக்குப் பிறகுதான் சோதனை. விளையாட்டாக ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும். முதல் தடவையே அதட்டி நிறுத்துங்கள். அப்புறமும் கேட்காவிட்டால், மாட்டுக்குக் கட்டுவதுபோல் கழுத்தில் ஒரு கட்டை கட்டித் தொங்கவிடலாம். ஒன்றரை, இரண்டு வயது வரை குட்டிகளோடு தனியே விடவேண்டாம். ஆடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை நாய் தின்னாதபடி உடனே எடுத்துப் புதைத்துவிடுங்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டாலும் நாய் வெறுப்பேறிக் கடிக்கப் பழகிவிடும்.

ஒற்றை நாய் ஐந்தாறு தெருநாய்களைச் சமாளிக்காது. இரண்டாக வளர்ப்பது நல்லது. அதைவிட முக்கியம், அவை வளர்ந்து ஆளாகும் வரை பட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பிவலை போடுங்கள். அடியில் தோண்டி நுழையாதபடி ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள்.

கடிபட்டுப் பிழைத்த ஆடுகள் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய் ஊசி பற்றி இன்றே கேளுங்கள். நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் மாத்திரையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். வெட்டிய ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலை நாய்க்குப் பச்சையாகப் போடவே கூடாது. அதிலிருந்து நாய்க்குப் புழு வரும். அந்த நாயின் மலம் பட்ட புல்லை மேயும் ஆட்டுக்கு மூளையில் கட்டி வைத்து, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும்.