நகையைத் திருப்பி வைத்து எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு. வயது 41. கைக்கு வரும் சம்பளம் ரூ.92,000. வீட்டுக் கடன் தவணை 24,000, வீட்டுச் செலவும் பிள்ளைகள் பள்ளிக் கட்டணமும் சேர்த்து 42,000, பெட்ரோல் 8,000க்கு மேல் ஆகிறது. வேலைக்குப் போய் வர தினம் 38 கி.மீ.; இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சென்னை. ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் வாங்க நினைக்கிறேன். 42, 51.4 யூனிட் என்று இரண்டு பேட்டரி. கார் அறிமுகமானபோது பெரியது 473 கி.மீ. ஓடும் என்றார்கள். பெரியது ஆன்ரோடு 22.2 லட்சம், சின்னது அதைவிட இரண்டரை லட்சம் குறைவு. எதை எடுக்கலாம்? 11 கிலோவாட் சார்ஜர் போடலாமா? பழைய காருக்கு 2.2 லட்சம் கிடைக்கும். மனைவியின் 12 பவுன் ஏற்கெனவே வங்கியில் 3.2 லட்சத்துக்கு இருக்கிறது. தங்கம் ஏறியதால் அடுத்த மாதம் திருப்பி வைக்கும்போது இன்னும் 4 லட்சம் தருவார்கள். மீதி 16 லட்சம் கார் லோன். பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை கட்டிவிடலாம், வருமான வரியிலும் ஒன்றரை லட்சம் கழியும் என்று மச்சான் சொல்கிறார். கையில் 70,000 இருக்கிறது, புக்கிங்குக்கு. லோனை எட்டு ஆண்டுக்கு எடுக்கலாமா?

பதில்: கடிதத்தில் முக்கால் பங்கு பேட்டரியைப் பற்றி. நகையைப் பற்றி இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் கண்ணில் உறுத்துகிறது. ஆனால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

473 என்பது சோதனைக்கூடக் கணக்கு. ஏ.சி. போட்டு, நாற்கரச் சாலையில் 95, 100 வேகத்தில் போனால் இந்த அளவு வண்டி ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 யூனிட் பேட்டரி 273 கி.மீ., 51.4 யூனிட் பேட்டரி 334 கி.மீ. திருச்சியிலிருந்து சென்னை 330. காகிதத்தில் பெரிய பேட்டரி ஒரே மூச்சில் சேர்த்துவிடும். நடைமுறையில் ஒரு சதவீதச் சார்ஜோடு தாம்பரம் நெரிசலில் நிற்க யாருக்கும் மனம் வராது. ஆக எதை வாங்கினாலும் விழுப்புரம் பக்கம் ஒரு தடவை நிறுத்தத்தான் வேண்டும். சின்ன பேட்டரி அங்கே 40 சதவீதத்தில் வந்து நிற்கும், அதை 80க்கு ஏற்ற 33 நிமிடம். பெரியது 51 சதவீதத்தில் வரும், 65க்கு ஏற்றினால் போதும், அது 12 நிமிடம். 10லிருந்து 80 சதவீதத்துக்கு 58 நிமிடம் என்று நிறுவனம் சொல்லும் வேகத்தை வைத்தே இந்தக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு 21 நிமிட வித்தியாசம். ஆண்டுக்கு 12 தடவை என்றால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் மிச்சம். அதற்கு விலை இரண்டரை லட்சம். அவசரமாகச் சென்னை போக வேண்டிய நாளில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

வேகச் சார்ஜரில் ஒரு சிக்கலையும் தெரிந்துகொள்ளுங்கள். 60 கிலோவாட் என்று எழுதிய இயந்திரத்தில் இரண்டு துப்பாக்கி (காரில் மாட்டும் சார்ஜர் முனை) இருந்து, பக்கத்தில் இன்னொரு வண்டியும் மாட்டியிருந்தால் பல இடங்களில் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். அப்போது நேரம் இன்னும் கூடலாம். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற நிற்காதீர்கள். அதற்குப் பிறகு பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பின்னால் நிற்பவர் முறைப்பதுதான் மிச்சம்.

11 கிலோவாட் சார்ஜர் உங்களுக்குத் தேவையே இல்லை. கார் அறிமுகமானபோது அதன் விலை 73,000. மூன்று பேஸ் இணைப்பு வேண்டும், மின்வாரியத்தில் அனுமதிச் சுமையை உயர்த்த வேண்டும். நீங்கள் தினம் ஓட்டும் 38 கி.மீ.க்கு இழப்பையும் சேர்த்து 6 யூனிட் போதும். 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டேகால் மணி நேர வேலை. ஆனால் ஹாலில் இருக்கும் பழைய ஏ.சி. பாயின்ட்டிலிருந்து நீட்டிப்பு ஒயர் இழுத்து மாட்டக் கூடாது. மணிக்கணக்கில் 12, 13 ஆம்பியர் ஓடும்போது இணைப்பு தளர்ந்த இடம்தான் முதலில் கருகும். மெயின் போர்டிலிருந்து தனி 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், சுமை மீறினால் அணையும் 20 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் அணையும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் குழி. எர்த் சரியில்லை என்றால் நிறைய வண்டிகள் சார்ஜே ஏறாமல் மறுத்துவிடும். காரில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு அலைவார்கள்.

வசதிகள் விஷயத்தில் சீட்டுக்குக் காற்றுவிடும் வசதி திருச்சி வெயிலுக்குப் பிரயோஜனம். சன்ரூஃப் பற்றி அதே வெயிலை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்காக மேல் வேரியன்ட் எடுக்கக் கூடாது.

இப்போது பணத்துக்கு வருவோம்.

பெட்ரோல் மிச்சம் என்று மச்சான் சொல்வது பொய்யில்லை, அரைகுறைக் கணக்கு. உங்கள் ஓட்டம் மாதம் 1,230 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ., விலை ரூ.101 என்று வைத்தால் 8,300 ரூபாய். மின்சாரத்துக்கு எல்லாரும் யூனிட் ஐந்து ரூபாய் என்று போடுகிறார்கள், அங்கேதான் தப்பு. இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடும் வீட்டுக்கு, 2024 ஜூலை கட்டண விகிதப்படி பில் 1,300 ரூபாய். கார் 340 யூனிட் சேர்த்தால் 760 யூனிட். 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படியின் மலிவு விகிதம் போய்விடும், பில் சுமார் 4,400 ஆகும். கூடிய 3,100ஐ 340ஆல் வகுத்தால் காருக்கு ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய்க்கு மேல். மாதம் 1,550. சென்னைப் பயணத்தில் வேகச் சார்ஜருக்கு யூனிட் 22 ரூபாய் என்று வைத்து மாதம் 500. மொத்தம் 2,050. பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6,250 மிச்சம். இன்ஷூரன்ஸ் கூடும். 2022இல் நிர்ணயித்த விகிதப்படி 65 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள மின் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 20,907 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள பெட்ரோல் காருக்கு 10,640 ரூபாய். கிரெட்டாவின் சின்ன மோட்டாரே 99 கிலோவாட். 20 லட்ச ரூபாய் வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியமும் பழைய காரைப் போல இருக்காது. சர்வீஸில் கொஞ்சம் குறையும். எல்லாம் போக மாதம் ஐயாயிரம் நிற்கும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 16 லட்சம், 9 சதவீதம், 7 ஆண்டு: தவணை 25,700. நகைக் கடன் 7.2 லட்சமானால் ஒன்பதரை சதவீதத்தில் ஆண்டு வட்டி 68,400, மாதத்துக்கு 5,700. மொத்தம் 31,400. நீங்கள் எழுதிய வரவு செலவில் மிஞ்சுவது 17,700. கார் தரும் ஐயாயிரத்தைச் சேர்த்தால் 22,700. மாதம் 8,700 துண்டு விழுகிறது, ஆண்டுக்கு ஒரு லட்சம். அதை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? மறுபடியும் அந்த 12 பவுன்தான்.

வருமான வரிச் சலுகையை மறந்துவிடுங்கள். மின் வாகனக் கடன் வட்டிக்கான 80ஈஈபி பிரிவு 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு மட்டும்தான்.

இனி அந்த இரண்டு வரி. கடிதத்தோடு இணைத்த சீட்டின்படி 2021இல் இந்த நகையை வைத்து வாங்கியது 1.8 லட்சம். இன்று 3.2 லட்சம். இதுவரை நகை ஒரு நாள்கூட வீட்டுக்கு வரவில்லை. வட்டியை அசலில் சேர்த்துத் திருப்பி வைத்ததிலேயே 75,000 வரை ஏறியிருக்கிறது. மீதி 65,000 நடுவில் ‘சேர்த்துக் கொடுத்தது’. அதில் பெரும்பகுதி மச்சானின் கடைக்குப் போனதாகச் சீட்டின் பின்னால் நீங்களே குறித்திருக்கிறீர்கள். தங்கம் ஏறினால் வங்கி கூடுதலாகத் தருகிறது. நீங்கள் அதை வருமானமாக எடுத்துக்கொள்கிறீர்கள். உங்களுக்குச் சேதம் இந்தப் பழக்கத்தால்தான், பேட்டரி அளவால் இல்லை. மாதம் 17,700 மிஞ்ச வேண்டிய வீட்டில் கையிருப்பு வெறும் 70,000 ஏன் என்றும் உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று, பழைய மாதிரி திருப்பி வைப்பது இனிக் கடினம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக் கடன் விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் கடனுக்கு 12 மாதம்தான் கெடு. சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்கலாம். 5 லட்சத்துக்கு மேல் போனால் நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம், அதிலும் கடைசியில் கட்ட வேண்டிய வட்டியைச் சேர்த்தே கணக்கிடுவார்கள். 7.2 லட்சம் வாங்கினால் அடுத்த வருடம் 68,400 ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும்.

எட்டு ஆண்டு லோன் எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி வாரன்டி எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. உங்கள் ஓட்டத்துக்கு ஆண்டுதான் முதலில் முடியும். கடைசித் தவணையும் வாரன்டியும் ஒரே மாதத்தில் தீரும், விற்கப் போனால் யார் நல்ல விலை தருவார்?

பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் கார் மலிவு என்ற திட்டத்தையும் யாராவது காட்டுவார்கள். எம்ஜி வின்சர் 2024 செப்டம்பரில் 9.99 லட்சத்துக்கு வந்தபோது பேட்டரி வாடகை கி.மீ.க்கு மூன்றரை ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டு நீங்கள் மிச்சப்படுத்துவதே கி.மீ.க்கு ஐந்து. மிச்சத்தில் முக்கால் பங்கை வாடகை தின்றுவிடும். குறைந்தபட்ச கி.மீ. கணக்கு உண்டா என்றும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த மாதம் வங்கிக்குப் போகும்போது 4 லட்சம் கேட்காதீர்கள். புக்கிங்குக்கு வைத்த 70,000இல் ஆண்டு வட்டி 30,400ஐக் கட்டுங்கள், மீதி நாற்பதாயிரத்தை அசலில் கட்டுங்கள். கடன் 2.8 லட்சமாகும். அதை ஒரே சீட்டாக வைக்காமல் நான்கு நான்கு பவுனாக மூன்று சீட்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒரே பையில் இருந்தால் முழுக் கடனையும் அடைத்தால்தான் நகை வெளியே வரும். பிரித்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 17,000 கட்டினால் ஓராண்டு முடிவில் இரண்டு சீட்டு அடைந்திருக்கும், மூன்றாவது இன்னும் ஆறு மாதத்தில்.

அதன் பிறகு ஓராண்டு அதே 17,000ஐச் சேருங்கள்; இரண்டு லட்சம். பழைய கார் அப்போது இரண்டு லட்சத்துக்குப் போகும். கடன் 10 லட்சம், 5 ஆண்டு, தவணை 20,800, இதற்கு மேல் வேண்டாம். 14 லட்சத்துக்கு ஆன்ரோடில் 30 யூனிட் அளவு பேட்டரி உள்ள மின் கார் கிடைக்கும். சென்னைக்கு இரண்டு தடவை நிற்க வேண்டிவரும். தினம் வேலைக்குப் போய்வரத் தாராளம். சாலை வரி விலக்கு பதிவு செய்யும் தேதியில் நடப்பில் இருக்கிறதா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆன்ரோடு விலையைப் பேசுங்கள், ஷோரூம் சீட்டை நம்பி வேண்டாம்.

மச்சான் மறுபடி கேட்டால் நகைச் சீட்டு மூன்றும் உங்கள் மனைவி பெயரில் இருப்பது நல்லது. அடுத்த மாதம் எழுதும்போதே அப்படி எழுதச் சொல்லுங்கள், நகை அவருடையதுதானே.